மருந்து மாறும் நாள்

திண்டுக்கல் சமவெளிக்கும் புகையிலைக்கும் உள்ள உறவு பழையது. ‘திருச்சி சுருட்டு’ என்று சீமை வரை பேர் வாங்கிய சுருட்டுக்கு இலை பெரும்பாலும் இந்தப் பக்கத்து மண்ணில்தான் விளைந்தது. ஸ்பென்சர் கம்பெனி இந்த ஊரில் சுருட்டு ஆலையே வைத்திருந்தது. வேடசந்தூரில் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; மெல்லும் புகையிலை அந்த வட்டாரத்தில் இன்றும் பயிராகிறது. இந்த இலை வாய்க்கும் நுரையீரலுக்கும் செய்யும் கேடு ஊரறிந்த சேதி. கல்லீரலுக்குள் அது செய்யும் ஒரு காரியம் மட்டும் அதிகம் பேசப்படாமல் கிடக்கிறது. இலையை மென்று அடக்குகிறவரிடம் அது நடப்பதில்லை. சுருட்டாகவோ பீடியாகவோ கொளுத்தி இழுப்பவரிடம் நடக்கிறது. இலை எரியும்போது உண்டாகும் கரிச்சேர்மங்கள் இரத்தத்தில் கலந்து, கல்லீரல் செல்லின் உட்கரு வரை போய், குறிப்பிட்ட ஒரு நொதியைக் கூடுதலாக உற்பத்தி செய்யச் சொல்லித் தூண்டுகின்றன. நிகோடினுக்கு இதில் பங்கில்லை. அந்த நொதியின் பெயர் சைட்டோகுரோம் 1ஏ2. காப்பியில் இருக்கும் காஃபீனை உடைப்பது அதுதான். மூச்சிளைப்புக்குக் கொடுக்கும் தியோஃபிலினையும், மனநோய்க்குக் கொடுக்கும் குளோசபின், ஒலான்சபின் மாத்திரைகளையும் பெரும்பாலும் அதுவே உடைக்கிறது.

நீண்டகாலம் பீடி குடித்து நுரையீரல் அடைத்துப்போன ஒருவரை எடுத்துக்கொள்வோம். டெரிஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறார். அதில் இருப்பது தியோஃபிலினும் அதன் உறவான எட்டோஃபிலினும். புகை முடுக்கிவிட்ட நொதி தியோஃபிலினை வேகமாகக் கழித்துக் கட்டுவதால், இளைப்பு அடங்க அவருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலான அளவு தேவைப்படுகிறது. டாக்டரும் பார்த்துப் பார்த்துக் கூட்டியிருக்கிறார். வருடக்கணக்காக எந்தத் தொந்தரவும் இல்லை. மழைக்காலத்தில் சளி முற்றி ஆஸ்பத்திரியில் சேர்கிறார். வார்டில் பீடி கிடையாது. புகை நின்றால், கூடியிருந்த நொதி சுமார் ஒன்றரை நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போய், ஒரு வாரத்துக்குள் சாதாரண அளவுக்கு வந்துவிடுகிறது. அதே வாரத்தில் கிருமியைக் கொல்ல சிப்ரோஃப்ளாக்சசின் எழுதப்படுகிறது. அதுவோ மிச்சமிருக்கும் 1ஏ2-வையும் வேலை செய்ய விடாமல் தடுக்கும். மாத்திரை அதே மாத்திரை, அளவு அதே அளவு. இரத்தத்தில் தியோஃபிலின் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. குமட்டலும் வாந்தியும் வரும், நெஞ்சு படபடக்கும், மிஞ்சினால் வலிப்பு வரும். வீட்டார் கண்ணுக்கு அது நோய் முற்றியதாகத் தெரியும்.

இந்த எடுத்துக்காட்டில் விபத்து எங்கே நடந்தது என்று பார்க்க வேண்டும். பீடியும் டெரிஃபிலினும் ஒன்றாக இருந்த அத்தனை வருடங்களில் நடக்கவில்லை. பீடியை விட்ட வாரத்தில், புது மாத்திரை சேர்ந்த வாரத்தில் நடந்தது. ‘இதையும் அதையும் சேர்த்துச் சாப்பிடாதே’ என்ற பட்டியலாகவே மருந்து முரண்களை நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். என் வாதம் வேறு. சேர்க்கையைவிட மாற்றமே ஆபத்து. கல்லீரல் ஒரு நிலைக்குப் பழகியிருக்கும்போது, ஏதோ ஒன்று தொடங்கும் நாளும் நிற்கும் நாளும்தான் கவனிக்க வேண்டிய நாட்கள். நம் மருத்துவம் தொடங்கும் நாளை ஓரளவு கவனிக்கிறது. நிற்கும் நாளை அநேகமாகக் கவனிப்பதே இல்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு இந்த ஊர்ப் பூட்டையே சாட்சிக்கு அழைக்கலாம். நொதி என்பது பூட்டு, அது வேலை செய்யும் பொருள் சாவி என்று ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1894-ல் சொன்னார். உடம்பின் பெரும்பாலான நொதிகளுக்கு அது பொருந்தும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைப்போல, இதற்கு இந்தச் சாவிதான், மற்றது நுழையாது. மருந்தை உடைக்கும் கல்லீரல் நொதிகள் இந்த விதிக்கு அடங்காதவை. இன்ன விஷம், இன்ன பச்சிலை உள்ளே வரும் என்று முன்கூட்டித் தெரியாத உடம்பு, எந்தச் சாவி வந்தாலும் ஏற்கும் விரிந்த வாயுள்ள பூட்டுகளை வைத்துக்கொண்டிருக்கிறது. கார்பன் மோனாக்சைடு சேர்ந்ததும் 450 நானோமீட்டர் அலைநீள ஒளியை உறிஞ்சும் நிறமி என்பதால், 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானியரான ஒமுராவும் சாட்டோவும் 1ஏ2-வும் சேர்ந்த இந்த நொதிக் குடும்பத்துக்கு பி450 என்று பெயர் வைத்தார்கள். மனித உடம்பில் இந்தக் குடும்பத்துக்கு 57 மரபணுக்கள் உண்டு. ஆனால் மருந்து வேலையின் பெரும்பகுதியைப் பார்ப்பது ஐந்தாறு நொதிகளே. அவற்றிலும் 3ஏ4 என்ற ஒன்றின் வாசலில்தான் கூட்டம் அதிகம். ஒரே வாசலில் இத்தனை மருந்துகள் நிற்பதால் இரண்டு விதக் கோளாறு வரலாம். ஒரு மருந்து வாசலை அடைத்துக்கொண்டால் மற்றது உடம்பில் தேங்கும். இது ஓரிரு நாளிலேயே தெரியும். ஒரு மருந்து புது வாசல்களைத் திறந்துவிட்டால் மற்றது வேலை செய்யுமுன் வெளியேறிவிடும். கல்லீரல் புதிதாகப் புரதம் கட்ட வேண்டியிருப்பதால் இதற்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். மெதுவாக வருவதால்தான் இந்த இரண்டாவது கோளாறு கண்ணுக்குத் தப்புகிறது.

இதில் பிறவி வேற்றுமையும் சேர்கிறது. சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் வேதிச் சிகிச்சை மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், ஐசோனியசிட் மாத்திரையைச் சிலர் வேகமாகவும் சிலர் மெதுவாகவும் செயலிழக்கச் செய்கிறார்கள் என்பதை அந்தக் காலத்திலேயே அளந்து பார்த்தது. கைகால் எரிச்சலும் மரப்பும் பெரும்பாலும் மெதுவானவர்களுக்கே வந்தன. பி6 வைட்டமின் கொடுத்தால் தடுக்கலாம் என்பதும் தெளிவானது. புதுச்சேரி ஜிப்மரில் சி. ஆதித்தனும் சக ஆய்வாளர்களும் தமிழ் மக்களிடையே 2சி19 என்ற நொதியின் மரபணுவை ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். மரபணுப் பிரதிகளில் நூற்றுக்குச் சுமார் 40 வேலை செய்யாத வகை. கணக்குப் போட்டால் ஆறு பேரில் ஒருவருக்கு இரண்டு பிரதியும் செயலற்றவை. மாரடைப்புக்குப் பின் கொடுக்கும் குளோபிடோக்ரெல், பெரும்பாலும் இந்த நொதி தொட்டுத்தான் மருந்தாக மாறும். ஆகவே அட்டையில் அச்சிட்ட அளவு என்பது எல்லோருடைய கல்லீரலுக்கும் பொதுவான அளவு அல்ல. ஆனாலும் பிறவி வேற்றுமை மாறாதது. ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும். மாறுவதுதான் நம்மை ஏமாற்றுகிறது.

மாற்றத்தைக் கொண்டுவருவதில் ரிஃபாம்பிசினை மிஞ்சிய மருந்து இந்த மாவட்டத்தில் புழங்குவதாக நான் நினைக்கவில்லை. 1960-களில் இத்தாலியின் லெப்பெட்டி ஆய்வகம் உருவாக்கிய இந்தச் சிவப்பு மருந்து காசநோய்ச் சிகிச்சையின் முதுகெலும்பு. ஆறு மாதம் தினமும் விழுங்க வேண்டும். கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் ஓர் உணரியைத் தட்டி எழுப்பி 3ஏ4, 2சி9 உள்ளிட்ட நொதிகளை இது ஒரேயடியாகப் பெருக்குகிறது. இதன் வேகத்தைப் புரிந்துகொள்ள இரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின் ஒன்றே போதும். வாய்வழி கொடுத்த அளவில் நூற்றுக்கு 41 பங்கு இரத்தத்தில் சேர்ந்துகொண்டிருந்தது, ரிஃபாம்பிசின் சேர்ந்ததும் வெறும் 5 பங்காகச் சுருங்கியதை 1990-களில் ஓர் ஆய்வு காட்டியது. சர்க்கரை நோய்க்கான கிளிக்ளசைடு உடம்பில் இருக்கும் மொத்த அளவு சுமார் 70 விழுக்காடு குறைகிறது. கிளிமெபிரைடு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மெட்ஃபார்மின் கல்லீரலில் உடையாமல் சிறுநீரகம் வழியே போவதால் பெரிதாக அசைவதில்லை; இன்சுலினையும் இந்த நொதிகள் தொடுவதில்லை. நான்கும் ‘சர்க்கரை மருந்து’ என்ற ஒரே பெயரில் வீட்டில் இருந்தாலும் கல்லீரலின் கண்ணுக்கு அவை வேறு வேறு சாதி.

இனி இந்த ஊரின் இன்றைய ஏற்பாட்டைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. காசநோய் மாத்திரை காசநோய்ப் பிரிவிலிருந்து தனியாக வருகிறது. தோல் டாக்டர் படர்தாமரைக்கு எழுதிய இட்ராகோனசோல் கடைவீதி மெடிக்கலில் வாங்கப்படுகிறது. அது 3ஏ4-ஐ அழுத்தமாக அடைக்கும் மருந்து. மூட்டுவலிக்கு நாட்டு மருந்துக்கடைச் சூரணம் இருக்கிறது. ஒவ்வொரு வழியும் தன்னளவில் நல்லது; வாசலுக்கே மாத்திரை வருவது பெரிய காரியம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் எல்லா வழிகளும் கூடும் ஒரே இடம் நோயாளியின் கல்லீரல். அங்கே பதிவேடு எதுவும் கிடையாது.

கிளிக்ளசைடு சாப்பிடும் ஒருவருக்குக் காசநோய் வந்தால், ரிஃபாம்பிசின் தொடங்கிய இரண்டாவது வாரம் சர்க்கரை ஏறுகிறது. காசநோயே சர்க்கரையை ஏற்றும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. மாத்திரை கூட்டப்படுகிறது, அது சரியான காரியமும்கூட. ஆறு மாதம் முடிகிறது. குணமானதில் வீடே மகிழ்ச்சியாக இருக்கிறது. அந்த மகிழ்ச்சியான இரண்டு வாரத்தில்தான், பெருகியிருந்த நொதிகள் வடிந்து, கூட்டி வைத்த கிளிக்ளசைடு முழு வேகத்தில் வேலை செய்யத் தொடங்குகிறது. விடியற்காலை வியர்த்து மயங்கி விழுந்தால், ‘லோ சுகர்’ என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்புவார்கள். ஆறு மாதச் சிவப்பு மாத்திரை போன வாரம் நின்றது என்பதை யார் கேட்பார்கள்? இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு இதே கதை இரத்தக்கசிவாக முடியும்.

குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைக்கும் இது பொருந்தும் என்பதை இந்த மாவட்டத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமம், 1960-களில் ஆத்தூர் வட்டாரத்தில் நடத்திய குடும்பநலப் பணியால் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அந்தப் பணியின் அடிப்படையே பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றிய விவரம் தெரிய வேண்டும் என்பது. ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது கருத்தடை மாத்திரை பலிப்பதில்லை என்று ஜெர்மனியிலிருந்து 1971-லேயே தகவல் வந்துவிட்டது. மாலா-என் மாத்திரையை ஒருநாள் விடாமல் விழுங்கியும் கரு தரிக்கலாம். பழி அவள்மேல்தான் விழும், மறந்துவிட்டாய் என்று. காப்பர்-டி இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை, ஏனென்றால் அதற்கும் கல்லீரலுக்கும் சம்பந்தமில்லை. சிகிச்சை முடிந்தும் நான்கு வாரம் வரை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது.

‘நாங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பல வருடமாகச் சாப்பிடுகிறோம், என்ன ஆகிவிட்டது’ என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி, பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. பல வருடமாகச் சேர்த்துச் சாப்பிடுகிறவருக்கு அளவு அந்தச் சேர்க்கைக்கு ஏற்பத்தான் அமைந்திருக்கிறது. மிளகை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் விளையும் மிளகில் இருக்கும் பைப்பரின், 3ஏ4-ஐயும் குடலில் மருந்தை வெளியே தள்ளும் புரதத்தையும் தடுக்கிறது. தினம் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்ததில் புரோப்ரனலோல், தியோஃபிலின் இரண்டும் இரத்தத்தில் கூடியதை 1991-ல் வெளிவந்த இந்திய ஆய்வு காட்டியது. அரை கிராமுக்கும் குறைவான மிளகிலேயே அந்த அளவு இருக்கும். அதற்காக ரசத்தை நிறுத்தச் சொல்வது அறிவீனம். தினமும் ரசம் சாப்பிடுகிறவரின் மருந்தளவு ரசத்தோடு சேர்த்தே சரிபார்க்கப்பட்டது. வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறவர் திங்கட்கிழமை முதல் மிளகு சேர்ந்த திரிகடுகச் சூரணம் மூன்று வேளை எடுக்கத் தொடங்கினால், அது மாற்றம்; அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இயற்கை மருந்து முரண்படாது என்பவர்களுக்கும் இதே பதில்தான். சுக்கு, மிளகு, திப்பிலியை மற்ற மருந்தோடு கூட்டிக் கொடுக்கும் வழக்கமே அவை மற்றதன் வீரியத்தை உயர்த்தும் என்ற அனுபவத்திலிருந்து வந்திருக்கலாம். ரிஃபாம்பிசினோடு பைப்பரினைச் சேர்த்து, ரிஃபாம்பிசின் அளவைக் குறைத்த கூட்டு மாத்திரையே இந்தியாவில் உருவானது. வேலை செய்யும் பொருள் என்றால் முரணும் செய்யும். இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்பது சித்த மருத்துவத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஒரு திருத்தமும் இங்கே தேவை. ‘மாத்திரையோடு திராட்சை சாப்பிடக் கூடாது’ என்று தமிழில் பரவும் எச்சரிக்கை மொழிபெயர்ப்புப் பிழை. கனடாவின் டேவிட் பெய்லி குழு 1989-ல் தற்செயலாகக் கண்டது ‘கிரேப்ஃப்ரூட்’ என்ற பழம் மருந்தை உடம்பில் தேங்கவைக்கும் குணத்தை. அது ஆரஞ்சு, எலுமிச்சை இனம், நம் பம்பளிமாசுக்கு நெருங்கிய சொந்தம். சின்னாளபட்டிப் பக்கத்துப் பன்னீர்த் திராட்சைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பம்பளிமாசுக்குத்தான் எச்சரிக்கை பொருந்தும்.

இன்னொரு மறுப்பு கனமானது. புற நோயாளிப் பிரிவில் வரிசை வாசல் தாண்டி நிற்கிறது. டாக்டருக்கு நேரம் எங்கே? கம்ப்யூட்டர் எச்சரிக்கட்டும் என்கிறார்கள். மேல்நாடுகளில் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். எச்சரிக்கை அதிகமாகி, டாக்டர்கள் அவற்றில் 49 முதல் 96 விழுக்காடு வரை தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று 2006-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. எப்போதும் அடிக்கும் மணியை யாரும் கேட்பதில்லை. என் வாதம் வேலையைக் கூட்டவில்லை, குறைக்கிறது. எல்லாச் சீட்டையும் எல்லா நாளும் சோதிக்க வேண்டாம். புது மருந்து தொடங்கும் நாள், நெடுநாள் மருந்து நிற்கும் நாள், புகையையோ குடியையோ விட்ட வாரம், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாள்: இந்த நாட்களில் மட்டும் ஒரு கேள்வி கேட்டால் போதும், ‘வேறு என்னவெல்லாம் சாப்பிடுகிறீர்கள், எதை நிறுத்தினீர்கள்?’ அந்தக் கேள்வியை டாக்டர்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. 2015-ன் மருந்தாளுநர் பணி விதிமுறைகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமையாகவே வைத்திருக்கின்றன. மெடிக்கல் கடையில் மாத்திரையை எண்ணிக் கவரில் போடும் கைக்குச் சொந்தக்காரர், படித்த படிப்பின்படி, இதற்கே பயிற்சி பெற்றவர். அவரை வியாபாரியாக மட்டும் நடத்துவது நமக்குத்தான் நட்டம்.

இதையெல்லாம் சொன்னால் பயந்துபோய்க் காசநோய் மாத்திரையை நிறுத்திவிடுவார்களே என்ற அச்சத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆகவே ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும்: நிறுத்த வேண்டியது ரிஃபாம்பிசின் அல்ல, அனுசரித்துப் போக வேண்டியது மற்ற மருந்து. அது முடியும் என்பதற்கு நம் அரசுத் திட்டமே சாட்சி. எச்.ஐ.வி.க்கு டோலுடெக்ராவிர் சாப்பிடுகிறவருக்குக் காசநோயும் வந்தால், தினம் ஒன்று என்பதை இரண்டாக்கி, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் கொடுக்கிறார்கள். ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் இரண்டு வாரம் அந்தக் கூடுதல் மாத்திரை தொடர்கிறது, கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்பும் வரை. நிற்கும் நாளுக்குப் பின்னும் ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறது. எச்.ஐ.வி.க்குச் செய்ததைச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் கருத்தடைக்கும் செய்ய மறுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

என் வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதை மறைக்கக் கூடாது. எல்லா மாற்றத்துக்கும் தேதி இருப்பதில்லை. முதுமையும் வருடக்கணக்கான குடியும் மஞ்சள் காமாலைக் கிருமியும் கல்லீரலை ஓசைப்படாமல் தளர்த்துகின்றன. நேற்று சரியாக இருந்த அளவு எந்த நாளில் மிகையானது என்று சொல்ல முடியாது. அதற்கு ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் அளவை மறுபார்வை செய்வதும் தவிர வேறு வழியில்லை. ஆனால் தேதி உள்ள மாற்றங்களையே நாம் கோட்டைவிட்டுக்கொண்டிருக்கும்போது, தேதியில்லாதவற்றைக் காட்டிச் சும்மா இருந்துவிட முடியாது.

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் படிக்கும் மாணவர்களுக்கு இந்த நொதிகளின் பெயர் மனப்பாடமாக இருக்கும். அந்தப் பாடம் வேடசந்தூருக்கும் நிலக்கோட்டைக்கும் போய்ச் சேர பெரிய செலவு தேவையில்லை. காசநோய்ச் சிகிச்சை முடியும் தேதி ஏறக்குறைய முதல் நாளே தெரிந்துவிடுகிறது. அந்தத் தேதிக்குப் பிந்தைய பதினான்கு நாளில் இரண்டு முறை விடியற்காலைச் சர்க்கரையைப் பார்த்தால், கூட்டிய மாத்திரையை எப்போது குறைப்பது என்று டாக்டர் முடிவு செய்துவிடலாம். மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலர் அந்தத் தெருவுக்கு வந்து போகிறவர்தான். சர்க்கரை பார்க்கும் கருவி அவர் பையிலேயே இருக்கிறது. அவரிடம் இல்லாதது அந்தத் தேதி மட்டும்.